இன்ஜின் கழுவப் பெட்ரோல் எதற்கு?

போன மாதம் வண்டிக்கு ஆயில் மாற்றலாம் என்று கடைவீதிப் பக்கம் ஒரு மெக்கானிக் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு வண்டிகள். ஒன்று இன்ஜின் பிரித்துக் கிடந்தது. பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தகர ட்ரேயில் ஹெட், கிளட்ச் கவர், செயின் ஸ்ப்ராக்கெட் எல்லாவற்றையும் போட்டு வெறுங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தான். நாலடி தள்ளி முதலாளி இன்னொரு வண்டியின் பிளக்கைக் கழற்றி, ஹெட்டின் மேல் சாய்த்து வைத்து, கிக்கரை உதைத்துப் பொறி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசனை வந்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"தம்பி, ட்ரேயில என்ன, மண்ணெண்ணெயா?"

"பெட்ரோல் தாத்தா. மண்ணெண்ணெய் எங்க கிடைக்குது?"

"அண்ணன் அங்க பொறி பாக்கறாரு, நீ இங்க பெட்ரோல்ல கை வச்சிருக்கியே, பயமா இல்லையா?"

அவன் சிரித்தான். முதலாளியும் சிரித்தார். "இருவது வருஷமா இப்படித்தான் சார் பண்றோம். ஒண்ணும் ஆனதில்ல" என்றார்.

நான் ஆயில் மாற்றாமலே திரும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னதற்கு, "ஊர்ல இருக்கற கடைக்கெல்லாம் நீங்கதான் இன்ஸ்பெக்டரா?" என்று கேட்டாள். இன்ஸ்பெக்டர் இல்லை. ஆனால் முப்பத்தைந்து வருடம் அரசு பஸ் டிப்போவில் ஸ்பேனர் பிடித்தவன். இந்த ஒரு விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்கு உரிமை இல்லை. ஏன் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் டிப்போ. நான் 1979-ல் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை ஸ்பேனர் பிடிப்பதல்ல, சாமான் கழுவுவது. கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், பிரேக் டிரம் எல்லாம் ஒரு பெரிய தொட்டியில் ஊறும். தொட்டியில் மண்ணெண்ணெய் அல்லது டீசல். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் அதிகம் பேசமாட்டார். முதல் நாளே மூன்று விஷயம் சொன்னார். சுரண்டாமல் ஊறப்போடாதே. பார்க்காமல் சுரண்டாதே. பெட்ரோலைத் தொட்டிப் பக்கமே கொண்டுவராதே. ஒரு முறை ஒரு பையன் கையில் ஒட்டிய கிரீஸைப் பெட்ரோலில் கழுவினான் என்பதற்காக அவனை அன்று முழுக்க தொட்டிப் பக்கம் வரவிடாமல் ஆபீஸ் வாசலைப் பெருக்கவிட்டார். அன்றைக்கு எங்களுக்கெல்லாம் அது வேடிக்கையாக இருந்தது.

அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவரில்லை. ஆனால் அவர் சொன்னதற்குப் பின்னால் இருக்கிற கணக்கைப் பிறகு நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு எண்ணெய் எந்த வெப்பத்தில், நெருப்பு காட்டினால் பற்றிக்கொள்கிற அளவுக்கு ஆவியை விட ஆரம்பிக்கிறதோ, அதைத் தீப்பற்று நிலை என்பார்கள். மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் அது குறைந்தது 35 டிகிரி இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுத் தரம். பெட்ரோலுக்கு? மைனஸ் 40 டிகிரி. அதாவது மார்கழி மாதம் விடியற்காலை வெள்ளிமலையில் பல் கிட்டித்துக்கொண்டு நிற்கும்போதும் பெட்ரோல் தயாராகத்தான் இருக்கிறது. நமக்குத்தான் குளிர், அதற்கு இல்லை.

இன்னொன்று. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே போய்க் கலைந்துவிடாது. தண்ணீர் மாதிரி தரையோடு படர்ந்து, பள்ளத்தில் போய்த் தேங்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிற பையனின் முழங்கால் உயரத்தில் அது நிற்கிறது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு கலந்தால் போதும், பொறிக்குக் காத்திருக்கும். பிளக் பொறி, கிரைண்டர் பொறி, பக்கத்துக் கடை வெல்டிங், யாரோ அணைக்காமல் போட்ட பீடி, பழைய சுவிட்சைத் தட்டும்போது உள்ளே மினுங்குகிற அந்தச் சின்ன நீல வெளிச்சம், எது வேண்டுமானாலும் போதும்.

மண்ணெண்ணெயும் டீசலும் மட்டும் சாதுவா என்று கேட்பீர்கள். இல்லை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகர ட்ரேயை வெளியில் வைத்தால் அது 35 டிகிரியை எப்போதோ தாண்டியிருக்கும். அதனால் டீசலையும் நிழலில்தான் வைக்க வேண்டும், நெருப்பிலிருந்து தள்ளித்தான் வைக்க வேண்டும். ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், குரைக்கிற நாய்க்கும் கடித்துக் குதறுகிற நாய்க்கும் உள்ள வித்தியாசம்.

தீ பிடிக்காவிட்டாலும் பெட்ரோல் சும்மா விடுவதில்லை. தோலில் இயற்கையாக இருக்கிற எண்ணெய்ப் பசையை அது முழுக்க உறிஞ்சி எடுத்துவிடும். மெக்கானிக்குகளின் கையை வாங்கிப் பாருங்கள். விரல் மடிப்புகளில் வெடித்து, அந்த வெடிப்புக்குள் கறுப்பு ஏறி, சோற்றில் கை வைத்தால் எரியும். அந்த வெடிப்பு வழியாகத்தான் மற்றதெல்லாம் உள்ளே போகிறது. பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று இப்போது கட்டுப்பாடு உண்டு, ஆனால் இருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட பொருள் அது. 2025-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பென்சீனை மட்டுமல்ல, வண்டிக்குப் போடுகிற பெட்ரோலையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. நாங்கள் வேலை செய்த காலத்தில் இதைவிட மோசம். பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. 2000 பிப்ரவரியில்தான் நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தது. அதற்கு முன் எத்தனை பேர் கையால் எவ்வளவு ஈயம் உள்ளே போயிற்றோ!

பழைய ஆயில் கறையும் லேசுப்பட்டதல்ல. லண்டனில் பெர்சிவல் பாட் என்ற மருத்துவர், புகைக்கூண்டு துடைக்கிற பையன்களுக்கு வருகிற தோல் புற்றுநோய் புகைக்கரியால்தான் வருகிறது என்று 1775-லேயே எழுதிவைத்தார். பிறகு லங்காஷயர் நூற்பாலைகளில் இயந்திர எண்ணெய் தெறித்து நனைந்த துணியோடு வருடக்கணக்கில் நின்ற தொழிலாளிகளுக்கும் அதே நோய் வந்தது. கரியும் எண்ணெயும் சேர்ந்த அதே கலவையைத்தான் நம் பையன்கள் பெட்ரோலில் கரைத்துத் தோலுக்குள் அனுப்புகிறார்கள்.

இனி கடைக்காரர்கள் பக்கம். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் ரேஷன் கடையில் நீல மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைத்தது. அடுப்புக்குப் போக மிச்சம் ஏதோ ஒரு வழியில் மெக்கானிக் கடைக்கு வந்து சேரும். அது சட்டப்படி சரியில்லை, ஆனால் நடந்தது. வீட்டுக்கு வீடு கேஸ் வந்த பிறகு மண்ணெண்ணெய் ஒதுக்கீடு தேய்ந்துகொண்டே போயிற்று. மண்ணெண்ணெய் போன இடத்தில் பெட்ரோல் வந்து உட்கார்ந்துகொண்டது. யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு அல்ல. கைக்கு எட்டியது எதுவோ அதைப் பயன்படுத்தினார்கள்.

ஆனால் ஏன் பெட்ரோல் கைக்கு எட்டியது? இங்கேதான் நாம் வருகிறோம். கடைக்காரர் பங்கில் போய்க் காசு கொடுத்து வாங்கிவரவில்லை. உங்கள் வண்டி டேங்கிலிருந்து பெட்ரோல் குழாயைப் பிடுங்கி அரை லிட்டர் இறக்கிக்கொள்கிறார். கார்ப்பரேட்டர் வண்டிகளில் இது அரை நிமிட வேலை. லிட்டர் நூறு ரூபாய் விற்கிற காலத்தில் உங்கள் ஐம்பது ரூபாய் அந்த ட்ரேயில் மிதக்கிறது. அதையே, "சார், கழுவறதுக்கு ஐம்பது ரூபா தனியா ஆகும், வண்டி நாளைக்குத்தான் கிடைக்கும்" என்று அவர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "என்னய்யா கொள்ளையடிக்கற?" என்போம். கண்ணுக்குத் தெரியாமல் போகிற ஐம்பது ரூபாய்க்கு நமக்கு வலிக்காது.

"இருவது வருஷமா ஒண்ணும் ஆனதில்ல" என்ற பேச்சுக்கு வருகிறேன். ஆனவர்கள் கடையில் இல்லை, அதனால் அந்தப் பேச்சு கடையில் உண்மையாக இருக்கிறது. ஆனவர்களில் ஒருவன் என் தம்பி.

1987 பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு. அப்போது என்னிடம் ஒரு ராஜ்தூத் 175 இருந்தது. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், ஆயிலும் பெட்ரோலும் கலந்து எரிவதால் சீக்கிரம் கார்பன் அடைத்துக்கொள்ளும். சங்கராபுரம் மாமனார் வீட்டுக்குப் பொங்கல் சீரோடு போக வேண்டும், வண்டி இழுக்கவில்லை. என் தம்பி அப்போது ஒரு மெக்கானிக் கடையில் கையாளாக இருந்தான். அவனுக்கு வயது பத்தொன்பது. அங்கேதான் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். ஹெட், போர் எல்லாம் கழற்றியாயிற்று. சாயந்திரம் ஆகிவிட்டது. "மண்ணெண்ணெய்ல ஊற வச்சா ராத்திரி முழுக்க ஊறணும்ணா, காலையில மாட்டித் தர்றேன்" என்றான் தம்பி. நான்தான், "காலையில எங்கடா, இப்பவே ஆகணும். டேங்க்ல இருந்தே பெட்ரோல் எடுத்துக் கழுவு" என்றேன். டேங்க் குழாயைத் திறந்து ட்ரேயில் பிடித்ததும் நான்தான். எட்டு வருடம் டிப்போவில் வேலை பார்த்தவன். பெரியவர் சொன்ன மூன்றாவது விதி அப்போது என் நினைவுக்கு வரவே இல்லை. தெருவில் வாடிக்கையாளனாக நிற்கும்போது மனிதன் வேறு ஆளாகிவிடுகிறான்.

அடுத்த வண்டியில் பிளக் பொறி பார்த்தார்கள். அவ்வளவுதான். சத்தம்கூடப் பெரிதாக இல்லை, "புஸ்" என்று ஒரு மூச்சு. தரையோடு ஒரு நீல அலை ஓடி வந்து ட்ரேயில் ஏறியது. தம்பியின் இரண்டு கையும் அதற்குள் இருந்தது. பதறிப்போய் ட்ரேயை உதறினான், பெட்ரோல் முழங்கை வரை வழிந்தது. யாரோ வாளித் தண்ணீரை ட்ரேயில் ஊற்ற, எரிகிற பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்துகொண்டு கடை முழுக்க ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் ஈரச் சாக்கைப் போட்டுத்தான் அணைத்தார். கைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒருவர் இட்லி மாவைக் கொண்டுவந்து அப்பினார், இன்னொருவர் பேனா மையை ஊற்றினார். (தீக்காயத்துக்கு முதலில் ஓடுகிற சாதாரணத் தண்ணீர், இருபது நிமிடம். மாவும் மையும் பற்பசையும் வேண்டவே வேண்டாம். எரிகிற பெட்ரோலுக்கு மணல் அல்லது ஈரச் சாக்கு, தண்ணீர் கூடாது. இதையாவது பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.)

இரண்டு மாதம் புதுச்சேரியில் ஆஸ்பத்திரி. இடது கை தேறிவிட்டது. வலது கையில் கடைசி மூன்று விரலும் உள்ளங்கையோடு மடிந்து ஒட்டிக்கொண்டன. தொழில் போயிற்று. பிறகு பெட்டிக்கடை வைத்து, கல்யாணம் செய்து, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து, நன்றாகத்தான் இருக்கிறான். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுண்ணா, ஆனா நீ அழுது எழுதாத" என்றான். அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, பெட்ரோல் வேண்டாம், பிறகு எப்படிக் கழுவுவது? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முப்பத்தைந்து வருடத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒன்றிரண்டு விஷயங்களில் இது ஒன்று.

கழுவுவதற்கு முன்னால் பாருங்கள். இன்ஜின் மேல் இருக்கிற அழுக்கு வெறும் அழுக்கு அல்ல, அது சாட்சி சொல்கிறது. ஆயில் எங்கே கசிகிறதோ அங்கேதான் தூசி ஒட்டும். ஆயில் கீழ்நோக்கி வழியும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் ஈரம் தெரிகிற இடத்தில் மேலாகவும் முன்னாலும் உள்ள புள்ளி எதுவோ அதுதான் ஊற்றுக்கண். டாப்பெட் கவர் பேக்கிங்கா, போர் அடியில் இருக்கிற பேக்கிங்கா, கிக்கர் ஷாஃப்ட் சீலா, ஸ்ப்ராக்கெட் பக்கத்துச் சீலா என்று அழுக்கே சொல்லிவிடும். வண்டி வந்ததும் எடுத்த எடுப்பில் பெட்ரோலை ஊற்றிக் கழுவிவிட்டு, பிறகு "எங்க லீக்குன்னு தெரியல சார், எல்லா பேக்கிங்கும் மாத்திடலாம்" என்கிறவரிடம் நீங்கள் கொடுக்கிற காசு, சாட்சியை விரட்டியதற்கான அபராதம்.

அடுத்தது சுரண்டுவது. காய்ந்தபடியே. மூங்கில் பட்டை, பழைய பல் துலக்கும் பிரஷ், பெயின்ட் பிரஷ் போதும். அலுமினியத்தின் மேல் இரும்பு ஸ்க்ரூ டிரைவர் படக் கூடாது. பேக்கிங் உட்காருகிற முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் அது அடுத்த லீக்குக்குப் பிள்ளையார் சுழி. கல்வராயன் மலைக்கு ஏறி இறங்குகிற வண்டிகளில் சிலிண்டரைச் சுற்றியுள்ள பட்டைகளுக்கு நடுவே செம்மண்ணும் ஆயிலும் சேர்ந்து செங்கல்லாக வெந்து கிடக்கும். அந்தப் பட்டைகள் காற்றுப் பட்டு இன்ஜின் ஆறுவதற்காக வைத்தவை. அவை அடைத்துக்கொண்டால், வெள்ளிமலை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஏறும்போது இன்ஜின் கொதிக்காமல் என்ன செய்யும்? அந்தச் செங்கல்லை எந்தத் திரவமும் கரைக்காது. சுரண்டினால்தான் போகும். நன்றாகச் சுரண்டினால் அழுக்கில் முக்கால்வாசி உலர்ந்த கட்டியாகவே காகிதத்தில் விழுந்துவிடும்.

மிச்சத்தை டீசலில் ஊறப்போடுங்கள். மூடி போட்ட பாத்திரத்தில், நிழலில், ராத்திரி முழுக்க. கால் லிட்டர் போதும், அதுவே வடிகட்டி வடிகட்டி ஐந்தாறு வண்டிக்கு வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சமையல் பாத்திரம் கழுவ விற்கிற ரப்பர் உறைகூட வெறுங்கைக்கு மேல். காலையில் பிரஷால் தேய்த்து எடுத்து, வெந்நீரில் சோப்புத் தூள் கலந்து இன்னொரு முறை. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையிலிருந்து பசையை எடுக்க மலையிலிருந்து வருகிற சீகைக்காயும் அரப்பும் நமக்குத் தெரியும். எண்ணெயைத் தண்ணீரோடு சேர்ந்து போகவைப்பதுதான் அங்கேயும் வேலை, இங்கேயும் வேலை. டீசல் அழுக்கை இளக்கும், சோப்பு அந்த டீசலையும் சேர்த்துத் தண்ணீரில் கொண்டுபோகும். பிறகு நல்ல தண்ணீர், ஏர், வெயில். காய்ந்ததும் இரும்புச் சாமான்களில் லேசாகப் புது ஆயில் ஒரு தடவல்.

இந்தக் கடைசித் தடவலைப் பெட்ரோல்காரர்கள் செய்வதே இல்லை. பெட்ரோல் ஆவியாகும்போது உலோகம் சில்லென்று ஆகி, காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல் படியும். ஆயில் பசை துளியும் இல்லாத வெற்று இரும்பு, மேலே ஈரம். மறுநாள் காலை பார்த்தால் பேரிங் ஓரத்தில் மஞ்சள் துரு. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் வேறு கலக்கிறார்கள், எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணமுள்ளது. ஆக, பெட்ரோலில் கழுவினால் சாமான் பளிச்சென்று இருக்கிறது என்பதும் அன்று சாயந்திரம் வரைதான்.

காஸ்டிக் சோடா பற்றி ஒரு வார்த்தை. டிவிஎஸ் 50 காலத்தில் அடைத்த சைலன்சரில் காஸ்டிக் சோடா கரைசலை ஊற்றி வைத்துக் கார்பன் எடுப்பார்கள். சைலன்சர் இரும்பு, தாங்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு புத்திசாலி, கார்ப்பரேட்டரையும் கிளட்ச் கவரையும் அதே வாளியில் போட்டார். அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா தின்றுவிடும். தின்னும்போது பொங்கி வருகிற வாயு ஹைட்ரஜன், அதுவும் எரியும். காலையில் வந்து பார்த்தபோது கவர் வடை மாதிரி ஓட்டை விழுந்து கிடந்தது. அந்த வாடிக்கையாளர் போட்ட சத்தம் கடைவீதி முழுக்கக் கேட்டது. யார் வண்டி என்று சொன்னால் சண்டைக்கு வருவார், நம் வாசகர்தான்.

வாட்டர் சர்வீஸ்காரர்களைத் தனியாகத் திட்டப் போவதில்லை. சுடச்சுட நிற்கிற இன்ஜினில் பீய்ச்சாமல், ஏர் ஃபில்டரிலும் சக்கர பேரிங்கிலும் குழாயை நேராகக் காட்டாமல் இருந்தால் சரி. முடிந்ததும் அடியில் டீசல் அடித்துப் "பளபளன்னு ஆயிடுச்சு பாருங்க சார்" என்று காட்டுவதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரப்பர் புஷ் ஊறிக் கெடும், இரண்டே நாளில் ஊர்த் தூசி எல்லாம் அதன் மேல் ஒட்டும்.

கழுவியாயிற்று. கழுவிய கறுப்புத் தண்ணீர் எங்கே போகிறது? என் பார்வையில் தீக்கு அடுத்தபடி இதுதான் பெரிய விஷயம், ஆனால் யாரும் பேசுவதில்லை. கடை வாசலில் ஒரு பள்ளம் இருக்கும், மண்ணே கறுத்து, புல் முளைக்காமல். அங்கே ஊற்றுவார்கள். அல்லது சாக்கடையில். மழை வந்தால் அது ஓடையில் இறங்கும், ஓடை ஆற்றில் சேரும். நமக்குத் தலைக்கு மேல் கோமுகி அணை இருக்கிறது, காலடியில் கோமுகி ஆறு ஓடுகிறது, நாம் ஊற்றுவதைக் கள்ளக்குறிச்சிக்காரர்கள் முதற்கொண்டு கீழே இருக்கிற எல்லா ஊரும் வாங்கிக்கொள்கிறது. ஒரு முறை ஆயில் மாற்றியதில் கிடைக்கிற பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்று அமெரிக்காவின் சுற்றுச்சூழல் துறை சொல்கிறது. பழைய ஆயில் அபாயக் கழிவு என்று நம் நாட்டில் 2016 விதிகளிலேயே இருக்கிறது. 2024 ஏப்ரலிலிருந்து ஆயில் தயாரிக்கிற கம்பெனிகளே பழைய ஆயிலைத் திரும்பச் சேகரித்துச் சுத்திகரிக்கப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. விதி டெல்லியில் இருக்கிறது, பள்ளம் நம் கடை வாசலில் இருக்கிறது. பழைய ஆயிலைக் கேனில் பிடித்துவைத்தால் வாங்கிக்கொண்டு போக ஆள் வருகிறான். ஆனால் பெட்ரோலும் தண்ணீரும் மண்ணும் கலந்த கழுவல் நீரை எவனும் வாங்கமாட்டான். டீசலில் ஊறவைத்தால் கசடு அடியில் தங்கும், மேலே உள்ளதை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் மிஞ்சுகிற கசட்டை மரத்தூளில் பிசைந்து கட்டியாக்கி, கேனோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். சோப்புத் தண்ணீர் கொஞ்சம் போகத்தான் செய்யும், மறுக்கவில்லை. சுரண்டியதும் ஊறவைத்ததும் ஒழுங்காக நடந்திருந்தால் அதில் எண்ணெய் மிகக் குறைவு.

இன்னொரு கெட்ட பழக்கம், இதையெல்லாம் தண்ணீர் பாட்டிலிலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலிலும் பிடித்து வைப்பது. லேபிள்கூடக் கிழிக்கமாட்டார்கள். மண்ணெண்ணெயையும் தின்னரையும் தண்ணீர் என்று நினைத்துக் குடித்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடாத ஊர் உண்டா? (அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். நேராக ஆஸ்பத்திரி.) கருணாபுரத்தில் 2024 ஜூனில் நடந்ததை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெத்தனால் என்ற தொழிற்சாலைத் திரவம் சாராயம் என்ற பெயரில் பாக்கெட்டில் வந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. அது வேறு குற்றம், வேறு கதை, இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஆனால் எந்தத் திரவம் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்பதில் அலட்சியம் கூடாது என்று பாடம் படிக்க நமக்கு இதைவிடப் பெரிய விலை என்ன வேண்டும்?

நான் மெக்கானிக்குகள் மேல் கோபப்படவில்லை. என் கோபமெல்லாம் நம் மேல். அறுபது எழுபது வயதாகி, எக்ஸெல் சூப்பரும் ஸ்பிளெண்டரும் வைத்துக்கொண்டு, எங்கேயும் அவசரமாகப் போக வேண்டிய அவசியமே இல்லாத நாம், மெக்கானிக் கடையில் மட்டும் ஏன் அரை மணிக்கு ஒரு தரம் "முடிஞ்சுதா?" என்கிறோம்? பென்ஷன்காரனுக்கு வண்டி இன்று கிடைத்தால் என்ன, நாளை கிடைத்தால் என்ன? "ராத்திரி ஊறட்டும், நாளைக்கு வர்றேன். பெட்ரோல் வேண்டாம். கழுவறதுக்கு என்ன ஆகுதோ தனியா வாங்கிக்கோ" என்று நாம் சொன்னால், அந்த ட்ரேயில் பெட்ரோல் ஊற்ற யாருக்கும் ஆசை இல்லை. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அந்த நாற்றத்தில் தலைவலி வருகிறது என்று அவர்களேதான் சொல்கிறார்கள்.

ஒரு வாரம் கழித்து அந்தக் கடைக்கே மறுபடி போனேன். கையோடு மூடி போட்ட ஒரு எவர்சில்வர் டப்பா, இரண்டு பெயின்ட் பிரஷ், ஒரு ஜோடி ரப்பர் கையுறை, சீவித் தேய்த்த நாலு மூங்கில் பட்டை. முதலாளி முகம் சுளித்தார். "சார், என் கடையில வந்து எனக்கே பாடமா?" என்றார். பதில் சொல்லாமல் என் வண்டியைக் காட்டி, "ஸ்ப்ராக்கெட் பக்கம் முழுக்க அழுக்கு, கழட்டி இதுல ஊறப்போடு. நாளைக்கு வர்றேன். கழுவுகூலி தனி" என்று ஐம்பது ரூபாயை மேஜையில் வைத்தேன். தம்பியும் என்னோடு வந்திருந்தான். அந்தப் பையன் டப்பாவை வாங்கும்போது தம்பியின் வலது கையைப் பார்த்தான். என்ன ஆச்சு என்று கேட்டான். தம்பி சொன்னான். முதலாளி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

மறுநாள் போனபோது ஸ்ப்ராக்கெட் சுத்தமாக இருந்தது. ஷாஃப்ட் சீலில்தான் கசிவு என்று பையன் அழுக்கைப் பார்த்தே கண்டுபிடித்து வைத்திருந்தான். கையுறை மட்டும் போடவில்லை. கேட்டதற்கு, "வழுக்குது தாத்தா" என்றான். அடுத்த முறை கள்ளக்குறிச்சி போகும்போது சொரசொரப்பான உறை கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.